மஸ்கட்டில் இருக்கிற அண்ணன்

போகிறவளுக்கு அயிரை மீன் ஒரு கேடா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் ஜெயக்கொடி அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மண்சட்டிக்குள் பாலை ஊற்றினாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள், எல்லாம் உயிரோடு, பால் பட்டதும் மொத்தமாக ஒரு புரட்டு புரண்டன. துள்ளி வெளியே விழுவதற்குள் தட்டைப் போட்டு மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். தட்டுக்கு அடியில் படபடவென்று அடி. குடிக்கட்டும், குடித்துவிட்டு வயிற்றில் இருக்கிற மண்ணையெல்லாம் கக்கட்டும். கக்காத அயிரையைக் குழம்பு வைத்தால் பல்லில் நறநறக்கும், அப்புறம் மங்கை பக்குவமாக, "ஜெயா, லேசா மண்ணு கடிக்குதோ" என்பாள். குறை சொல்வதைக்கூடத் தடவிக்கொடுத்துச் சொல்கிறவள். அந்தத் தடவலைக் கேட்டுக் கேட்டே இத்தனை வருசம் ஓடிவிட்டது. இன்றைக்கு மண் கடித்தால் கடிக்கட்டும், கடித்துக்கொண்டே போகட்டும் மகராசி. உள்ளறையில் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது, மெத்தையைச் சுருட்டிக் கட்டுகிறாள். நேற்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. மங்கை என்கிற மங்கையர்க்கரசி இன்றைக்கு மத்தியானம் இந்த வீட்டை விட்டுப் போகிறாள். புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசில் கதிரேசனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பதிவாகிவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவளே ஜெயக்கொடிதான், தயங்காமல் போட்டாள், அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று அந்த மனுசன் சொல்லியிருந்தான். வெள்ளையடித்தாகிவிட்டது. வேன் கொண்டு வருவான். மெத்தையும் டிரங்குப்பெட்டியும் போகும், அவளும் போவாள், அடுப்படியில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மிஞ்சும். போனால் போகிறாள் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அடுப்படிச் சுவருக்குக் கேட்டிருக்கும், வேறு யாருக்கும் கேட்கவில்லை.

போவதுகூடப் பெரிசில்லை. யார் கண்முன்னால் படியிறங்கிப் போகப்போகிறாள் என்பதுதான் பெரிசு. கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா தவமணி அக்காவைப் பொறுத்தவரை மங்கைக்கு ஏற்கனவே புருசன் இருக்கிறான். பாலகுரு என்று பெயர், மஸ்கட்டில் வேலை, ஜெயக்கொடியின் கூடப்பிறந்த அண்ணன். அப்படி ஒருவன் மஸ்கட்டிலும் இல்லை, மதுரையிலும் இல்லை, ஜெயக்கொடியின் அம்மா பெற்றது அவள் ஒருத்தியைத்தான். இரண்டு பேரும் தங்கியிருந்த பெண்கள் விடுதியை இடித்துக் கடை கட்டப்போவதாகச் சொல்லி மூடியபோது பெட்டியும் கையுமாக வீடு தேடி அலைந்த அலைச்சல் நாய்கூடப் படாது. ஒரு வீட்டிலும் வாடகைப் பேச்சுக்கே போகமாட்டார்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. மங்கை உள்ளதைச் சொல்வாள், இறந்துட்டாருங்க என்று. ஜெயக்கொடி, இருக்காரு ஆனா இல்ல என்று இழுப்பாள். பார்த்துச் சொல்றோம் என்று கதவு சாத்திக்கொள்ளும். செல்லூரில் இந்த மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றபோது உச்சி வெயில், மங்கையின் செருப்பு வார் அறுந்து செருப்பு அவள் கையில் இருந்தது. தவமணி அக்கா மேலும் கீழும் பார்த்து, "குடும்பத்துக்குத்தாம்மா விடுவாரு எங்க வீட்டுக்காரரு. நீங்க ரெண்டு பேரும் யாரு எவரு?" என்று கேட்டது. ஜெயக்கொடிக்கு மூக்குக்கு மேல் வந்த கோபத்தில் வாய் தானாகத் திறந்தது. "இவுங்க எங்க மதினி. எங்கண்ணன் பாலகுரு மஸ்கட்ல இருக்கான்." பாலகுரு என்பது அவள் பில் போடுகிற மருந்து மொத்தக் கடைக்கு அன்று காலை வந்துபோன மாத்திரைக் கம்பெனி ஆளின் பெயர், நாக்கு நுனியில் அதுதான் கிடந்தது. மங்கை மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை, அறுந்த செருப்போடு தரையைப் பார்த்து நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டது தவமணி அக்கா. சாவி கைக்கு வந்தது. படியேறும்போது மங்கை, "ஜெயா, நீ என்னைவிட மூத்தவ. நான் எப்படி உனக்கு மதினி?" என்று கேட்டாள். அண்ணன் பொண்டாட்டி தொட்டில் பிள்ளையா இருந்தாலும் மதினிதான் என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி சிரித்தாள். சிரித்தாளா? ஆமாம், சிரிக்கத்தான் செய்தாள், பாய்கூட விரிக்காத அந்த வெறுந்தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்போது அந்தச் சிரிப்பின் மேலும் கோபம் வருகிறது.

தட்டைத் தூக்கிப் பார்த்தாள். பால் பழுப்பேறியிருந்தது. வடித்துவிட்டு ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். இந்த இடத்தில் மங்கை அடுப்படியில் நிற்கமாட்டாள், மொட்டைமாடிக்கு ஓடிவிடுவாள். உப்புப் பட்டு மீன் தவிக்கிற தவிப்பைப் பார்க்கமுடியாதாம், தின்னமட்டும் முடியுமாம். கொல்கிற வேலை ஜெயக்கொடிக்கு. எல்லாவற்றிலும் அப்படித்தான் பங்கு பிரிந்தது. பொய் சொல்கிற பாவம் ஜெயக்கொடிக்கு, அந்தப் பொய்யின் சுகம் மங்கைக்கு. அவளுக்குப் பொட்டு வைத்தது யார்? மஸ்கட்டில் புருசன் இருக்கிறவள் வெறும் நெற்றியோடு படியிறங்கினால் தவமணி அக்கா கேட்காதா? முதல் நாள் சாயங்காலம் மங்கை ஒட்டுப்பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். அவள் புருசன் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. மாமியார் வீட்டில் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து அழித்த நெற்றி அது. கை நடுங்குது ஜெயா என்றாள். நடிப்புக்குத்தானே, இதுக்கு எதுக்கு நடுக்கம் என்று அதட்டிக்கொண்டே ஜெயக்கொடி வாங்கி ஒட்டிவிட்டாள். மங்கை டீச்சராக இருக்கிற நர்சரிப் பள்ளியில் அவள் புருசனை இழந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் காலையில் தெருமுனை தாண்டியதும் பொட்டை எடுத்துக் கடிகாரப் பட்டையில் ஒட்டிக்கொள்வாள், சாயங்காலம் திரும்பி வரும்போது அதே தெருமுனையில் நின்று நெற்றிக்கு ஏற்றிக்கொள்வாள். ஒரு நாள் எடுக்க மறந்து அப்படியே பள்ளிக்குள் போய்விட்டாள். வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கிய டிரைவர் கதிரேசன் பார்த்திருக்கிறான். அவனும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். நல்லாருக்கு டீச்சர், அப்படியே இருக்கட்டும் என்றானாம். அவ்வளவுதான் சொன்னாரு என்று அன்றைக்கு மங்கை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னபோது ஜெயக்கொடிக்கு ஏதாவது உறைத்ததா? மடச்சி, மடச்சி என்று உப்போடு சேர்த்து மீனைச் சட்டியின் சொரசொரப்பில் உரசினாள். நுரை பொங்கியது. தான் ஒட்டிவிட்ட பொட்டு. தன் கையால் ஒட்டிவிட்ட பொட்டு. அதைப் பார்த்து ஒருவன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான், ஒட்டிவிட்டவள் மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

தண்ணீர் ஊற்றி அலசினாள். கலங்கல் போகவில்லை, மறுபடி உப்பு, மறுபடி உரசல். அந்தப் பாலகுருவும் லேசுப்பட்டவனாகவா இருந்தான்? சாவி வாங்குவதற்குச் சொன்ன ஒரு பெயர் அதோடு போயிருந்தால் பரவாயில்லை. படியேறி இறங்கும்போதெல்லாம் தவமணி அக்கா, தம்பி போன் போட்டுச்சா என்று கேட்டது, போட்டான் என்று சொல்லவேண்டியிருந்தது, என்ன சொல்லுச்சு என்று கேட்டது, எதையாவது சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவனுக்குக் கைகால் முளைத்தது. அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்றாள் மங்கை. சர்க்கரை இருக்கு, மாத்திரை ஒழுங்காப் போடமாட்டான் என்றாள் ஜெயக்கொடி. வருசா வருசம் இந்தத் தீபாவளிக்கு வந்துவிடுவான் என்றும், முதலாளி லீவு தரவில்லை என்றும் ஆனது. கீழவாசல் கடையில் வாசனை சோப்பும் பேரீச்சம்பழமும் வாங்கி மஸ்கட்டிலிருந்து வந்தது என்று தவமணி அக்காவுக்குக் கொடுத்தார்கள், அது பத்திரமாகப் பீரோவில் வைத்துக்கொண்டது. அப்புறம் சொல்ல ஆளில்லாத நேரத்திலும் அவன் வர ஆரம்பித்தான். மருந்துக் கடையில் முதலாளி எல்லார் முன்னாலும் ஜெயக்கொடியை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்ட அன்று, எங்கண்ணன் வரட்டும், உன்னை வச்சுக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், எந்த அண்ணன் என்று தோன்றியது. டைபாய்டு வந்து கிடந்தபோது காய்ச்சல் வேகத்தில் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டாளாம். மங்கை அதைப் பிறகு சொன்னாள், சிரிக்காமல் சொன்னாள். ஏன் அண்ணன் என்று வந்தது வாயில்? புருசன் என்று சொல்லியிருக்கலாம், இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு புருசன் மஸ்கட்டில் என்று சொல்லியிருக்கலாம். திண்டுக்கல்லில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிற அவளுடைய புருசன் ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, இருந்தா இரு, போனா போ, உனக்காக வந்து கேக்க எவன் இருக்கான் என்று சொன்னான். அடிக்கவில்லை, கத்தவில்லை. துண்டில் கை துடைத்தான். கேட்பதற்கு ஒருத்தனும் இல்லை என்பது உண்மைதானே, அதனால் அவளும் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் மதுரையில் ஒரு மாடிப்படியடியில் நின்று அந்த ஒருத்தனைப் பெற்றுக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அந்த அண்ணனைக் கொல்லச் சொல்லவும் அவள்தான் வாய் திறக்கவேண்டியிருந்தது. நேற்றைய சண்டையே அதுதான். கதிரேசன் யோக்கியன். யோக்கியன் என்றால் சும்மா யோக்கியன் இல்லை, அடுத்தவள் கூரையைப் பிரித்தாவது தன் யோக்கியதையைக் காப்பாற்றிக்கொள்கிற ரகம். அவரு வரும்போது கீழ அக்காகிட்ட உள்ளதச் சொல்லிட்டுத்தான் கூட்டிட்டுப் போவாராம் ஜெயா, திருட்டுத்தனமாக் கூட்டிட்டுப் போக மனசு ஒப்பலையாம் என்று மங்கை சொன்னாள், சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. உன் ஆளு உண்மைய பேசிட்டு வேன்ல ஏறிப் போயிருவாரு, நான் யாரு வீட்டு வாசல்ல நிக்கிறது? இத்தனை வருசம் பொய் சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தி போய்ட்டா, இன்னொருத்திய அந்தக்கா என்ன ஆரத்தி எடுத்து வச்சுக்குமா? வேற வழி இருக்கு என்றாள். அண்ணன் செத்துட்டான்னு சொல்லிருவோம். மஸ்கட்ல, நெஞ்சுவலி. கொஞ்ச நாள் கழிச்சு நீ பெறந்த வீட்டுக்குப் போறேன்னு போ. மங்கை அப்படியே வெளிறிவிட்டாள். தடவிப் பேசுகிறவள் அன்றைக்குத் தடவவில்லை. "ஒரு தடவ அழிச்சாக ஜெயா. இன்னொரு தடவ எவன் சொன்னாலும் அழிக்க மாட்டேன். பொய்யிக்கும் அழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நெஞ்சுவலி என்ற சொல் வாயில் எப்படி வந்தது என்று ஜெயக்கொடிக்கு இப்போது உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும். எனக்கு மட்டும் என்ன இனிப்பா இருந்துச்சு? கூடப்பிறக்காத அண்ணனைச் சாகடிக்கிறதுன்னா எனக்கு லேசா?

ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. விடிந்ததிலிருந்து அதைத்தான் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். கதிரேசன் வாயைத் திறப்பதற்கு முன்னால் தான் திறந்துவிடவேண்டும். தவமணி அக்கா கேட்கிற மாதிரி படியில் நின்று, பாருங்கக்கா இந்த அநியாயத்தை, எங்கண்ணன் அங்க வெயில்ல சாகுறான், இவ வேன்காரனோட கெளம்பிட்டா என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டால் போதும். அப்புறம் கதிரேசன் எந்த உண்மையைச் சொன்னாலும் எடுபடாது, மாட்டிக்கொண்டவன் கதை கட்டுகிறான் என்றுதான் ஆகும். தவமணி அக்கா இளகின மனசு. பாவம் நீ என்னத்தா செய்வ, அண்ணன் வர்ற வரைக்கும் இங்கயே இரு என்று சொல்லும். வீடு நிற்கும். அண்ணனும் நிற்பான். மங்கை பெயர் நாறும், நாறட்டுமே, அவள்தான் செல்லூரை விட்டே கதிரேசன் வீடு இருக்கிற ஆனையூருக்குப் போகிறாளே, இந்தத் தெருவில் அவள் பெயர் எப்படி இருந்தால் அவளுக்கென்ன. அழவேண்டிய இடத்தில் அழுகை வருமா என்றுதான் சந்தேகமாக இருந்தது. வரும். இருக்கிற ஆத்திரத்துக்கு நன்றாகவே வரும்.

"ஜெயா." அடுப்படி நிலையில் மங்கை நின்றாள், கையில் பருப்பு கடைகிற மத்து. "இது உன்னோடதா, என்னோடதா? எனக்கு ஞாபகமில்ல."

"எடுத்துட்டுப் போ. வீட்டையே எடுத்துட்டுப் போ."

"நான் அதுக்குக் கேக்கல." சட்டியைப் பார்த்தாள். "அயிரையா?"

"எனக்கு வாங்கினேன்."

"நீதான் அயிரை திங்க மாட்டியே" என்றாள் மங்கை மெதுவாக. மத்தைச் சத்தமில்லாமல் மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்டுபிடிச்சுட்டாளாம், பெரிய துப்பறியும் அதிகாரி. ஜெயக்கொடி அடுப்பைப் பற்றவைத்து நல்லெண்ணெயை ஊற்றினாள். வெந்தயம் கருகிவிட்டது, எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினாள். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கரைத்து வைத்த புளி. குழம்பு கொதிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரே நின்றாள், நிற்கக்கூடாத இடங்களுக்கெல்லாம் நினைப்பு போனது. நாளைக் காலையில் எழுந்தால் என்ன செய்வது? பால் பாக்கெட்டை உடைத்து ஒருத்திக்கு எவ்வளவு காபி போடுவது என்றே கைக்குத் தெரியாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் முதுகுக்கு எட்டாது. காய்ச்சல் வரும், கண்டிப்பாக வரும், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள், கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? பாலகுருவுக்கா? விடுதியில் ஒரு கிழவி அப்படித்தான் கிடந்தாள், சமையல்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆளைக் கூட்டிவந்தாள், கதவை உடைத்தார்கள், கட்டிலுக்கடியில் டம்ளர் உருண்டு கிடந்தது. ச்சீ என்று தலையை உதறினாள். எல்லாம் இவளால். இல்லை, கதிரேசனால். நல்லாருக்கு டீச்சர் என்று சொல்ல அவனை யார் கேட்டது? ஒரு பொட்டை ஒரு மனுசன் பேசாமல் பார்த்துவிட்டுப் போகக்கூடாதா? மீனைச் சரித்துப் போட்டாள். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டாள், கரண்டி பட்டால் உடைந்துவிடும். மங்கை போனபிறகு யாருக்காக இப்படி உடையாமல் சுற்றப்போகிறோம் என்று தோன்றியதும் கண் எரிந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டாள். அது மிளகாய் நெடி இல்லை, அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துக் கீழே வேன் ஹாரன் அடித்தது.

கதிரேசன் படியேறி வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். குட்டையான ஆள், முன்னங்கையிலெல்லாம் வெள்ளையடித்த சுண்ணாம்புப் புள்ளி போகாமல் இருந்தது. ஜெயக்கொடியைப் பார்த்துக் கும்பிட்டான். மங்கை பெட்டியை வாசலுக்கு நகர்த்தியிருந்தாள். அவன் பெட்டியைத் தொடாமல், "மொதல்ல கீழ பேசிட்டு வந்துர்றேன்" என்று திரும்பினான். திரும்பிய இடத்தில் தவமணி அக்காவே முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து நின்றது. ஹாரன் சத்தம் கேட்டு வந்திருக்கவேண்டும். வேனையும் பெட்டியையும் சுருட்டிய மெத்தையையும் அந்நிய ஆணையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டது.

"யாருத்தா இது? என்ன நடக்குது இங்க?"

"அக்கா, உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்" என்று கதிரேசன் தொண்டையைக் கனைத்தான்.

இதுதான் நேரம். ஜெயக்கொடி கையில் பிடிதுணியோடு வாசலுக்கு வந்துவிட்டாள், பாருங்கக்கா இந்த அநியாயத்தை என்பது பல்லுக்குப் பின்னால் தயாராக இருந்தது. மங்கை நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய வலது கை மெல்ல எழுந்து நெற்றியை மூடிக்கொண்டது, எங்கிருந்தோ ஒரு கை வந்து துடைக்கப்போகிறது, அதற்கு முன்னால் மூடிக்கொள்ளவேண்டும் என்கிற மாதிரி. சுற்றி உட்கார்ந்து அழித்தார்களே, அன்றைக்கும் இப்படித்தான் மூடியிருப்பாள். யாராவது அந்தக் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். நானா இழுப்பேன், நானா என்று ஜெயக்கொடிக்குத் தன்மேலேயே வந்தது ஒரு கோபம், அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்கிற மாதிரி.

"எங்கண்ணன்க்கா" என்றாள். குரல் சண்டைக்காரி குரலாகத்தான் வந்தது. "மஸ்கட் வேலைய விட்டுட்டு வந்துட்டான். ஆனையூர்ல வீடு பாத்து வெள்ளையடிச்சு, வேன் ஓட்டிட்டு இருக்கான். மதினியக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்."

தவமணி அக்கா வாயில் கை வைத்தது. "பாலகுருத் தம்பியா?"

கதிரேசனின் வாய் பாதி திறந்தபடி நின்றது. ஜெயக்கொடி அவனை முறைத்தாள். உன் யோக்கியதையை இப்போது எடுத்தாயானால் அடுப்பில் இருக்கிற சட்டி உன் தலையில்தான் என்று கண்ணாலேயே சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான், மூடிய நெற்றியோடு நிற்கிற மங்கையைப் பார்த்தான், மறுபடி ஜெயக்கொடியைப் பார்த்தான்.

"ஜெயாவுக்கு அண்ணன்தான்க்கா" என்றான்.

அதில் பொய் எங்கே என்று தேடினால் கிடைக்காது, மதினியைக் கட்டினவன் அண்ணன்தானே. யோக்கியனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது என்று ஜெயக்கொடி நினைத்தாள். மங்கையின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. தவமணி அக்காவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. இப்படி மெலிஞ்சு கெடக்கியே தம்பி என்றது, சர்க்கரைக்கு ஒழுங்கா மாத்திரை போடு என்றது, இத்தனை வருசம் பொம்பளைகள இப்படித் தனியா விட்டுட்டு இருந்தியே என்று ஒரு அதட்டல் போட்டது. கதிரேசன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு தவமணி அக்கா ஜெயக்கொடி பக்கம் திரும்பி, "அப்ப நீயும் அண்ணனோடதான போற? எப்பக் காலி பண்றீக?" என்று கேட்டது.

ஜெயக்கொடி இதை நினைக்கவில்லை. அண்ணன் வந்துவிட்டால் தங்கச்சி அவன் வீட்டுக்குத்தான் போகவேண்டும், அவள் கட்டிய கதையின் நியாயம் அதுதான்.

"வான்னுதான் நானும் சொல்றேன்" என்று மங்கை அவசரமாகச் சொன்னாள். "வா ஜெயா. ரெண்டு ரூம் இருக்கு." மனசார சொன்னாள், அது தெரிந்தது. வெள்ளையடித்த வீட்டின் இரண்டாவது ரூம். புதுசாகக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் பேசுவதை நிறுத்திக்கொண்டு, வா ஜெயா, உக்காரு என்கிற ரூம்.

"இல்லக்கா. நான் இங்கதான் இருப்பேன்."

"யாரோட?"

"தனியா."

அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் என்னவோ ஆகிவிடும் என்று பயந்துகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தவமணி அக்கா முகம்தான் மாறியது. "ஒத்தப் பொம்பளைக்கு விடமாட்டாருத்தா அவரு. உனக்குத் தெரியாததா?"

"ஒத்தப் பொம்பளன்னா என்னக்கா? அண்ணன் மஸ்கட்ல இருந்தான்ல, அவனா வந்து மேல் தொட்டி கழுவுனான்? உங்களுக்குக் கால் ஒடிஞ்சப்ப அவனா வந்து ஆட்டோவுல தூக்கிட்டுப் போனான்? எல்லாம் நாந்தான செஞ்சேன். இத்தனை வருசமா மேல ஒரு சத்தம் கேட்டிருப்பீகளா, ஒரு ஆளு வந்து போயிருப்பானா? இல்லாத ஆம்பளையோட பேருக்கு வீடு விடுவாராம், இருக்கிற பொம்பளைக்கு விடமாட்டாராம். இருன்னா இருக்கேன். முடியாதுன்னா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லுங்க, பார்த்துச் சொல்றேன்னு மட்டும் சொல்லாதீக." மூச்சு வாங்கியது. இத்தனை வருசமாக ஒவ்வொரு வாசலிலும் சொல்லாமல் முழுங்கியது அத்தனையும் இந்த ஒரு வாசலில் வந்து கொட்டிவிட்டது. திண்டுக்கல்காரனுக்குச் சேரவேண்டியதும் இதில் கொஞ்சம் இருந்தது.

தவமணி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கியது. "கத்தாதத்தா, காது கேக்குது எனக்கு" என்றது. இன்னொரு படி இறங்கி நின்று, திரும்பாமலே, "சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிருவேன். மோட்டார நீயே போட்டு, தொட்டி நெறஞ்சதும் நிப்பாட்டிரு. அவருகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றது.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மண் கடிக்கவில்லை. மங்கை மீனை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள், தட்டில் கண்ணீர் விழுந்தது, துடைக்கவில்லை. ஜெயக்கொடி ரசம் ஊற்றிக்கொண்டாள். பாலகுருவை நினைத்தாள். இனிமேல் தம்பி போன் போட்டுச்சா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கத்தரிக்காய் ஆகாதவன், மாத்திரை போடாதவன், காய்ச்சலில் கூப்பிட்டதற்கு வராதவன் போய்விட்டான், எதிரே சுண்ணாம்புக் கையோடு ஒருவன் உட்கார்ந்து கத்தரிக்காய்ப் பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்கிறான். போனவனுக்காக ஒரு சொட்டு அழலாமா என்று பார்த்தாள். கோபம்தான் வந்தது. அண்ணன் என்று ஒருத்தன் இருந்தால் அவன்மேல் கோபம்தானே வரும் என்று இருந்தது.

பெட்டி இறங்கியது, மெத்தை இறங்கியது. மங்கை படியில் நின்று அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வர்றேன் ஜெயா" என்றாள். போ, போ, பிள்ளைகளை ஏத்துற வேன்ல அழுதுகிட்டுப் போகாத என்று ஜெயக்கொடி அவளைப் பிரித்து அனுப்பினாள். வேன் கிளம்புகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள். சத்தம் வரவில்லை. படியில் திடுதிடுவென்று ஆள் ஏறி வருவதுதான் கேட்டது. கதிரேசன் வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"என்ன, எதையாச்சும் விட்டுட்டீகளா?"

"இல்ல." உள்ளே வராமல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான், மறுபடி தள்ளிப் பார்த்தான். "இது லொடலொடன்னு இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற மாத்திருவோம். அதுவரைக்கும் உள்ள ஸ்டூலப் போட்டு அண்டக் குடுத்துக்க. யாரு தட்டினாலும் யாருன்னு கேட்டுட்டுத் தொற, தங்கச்சி."

ஜெயக்கொடிக்குச் சுர்ரென்று ஏறியது. கீழே ஒருத்தரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, தவமணி அக்காவின் கதவு சாத்தியிருந்தது. கேட்க ஆளில்லாத இடத்தில் வந்து நின்றுகொண்டு தங்கச்சியாம்.

"இத்தனை வருசமா யாரு வந்து பூட்டினாகளாம்? எல்லாம் எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தாள். "போண்ணே. மதினி வெயில்ல நிக்குது."